வன்னியில் இரவு தங்குவது: ஒரு விடுமுறைக் கேள்வியின் வரலாறு

ஐரோப்பாவிலோ கனடாவிலோ வாழும் ஈழத்தமிழ்க் குடும்பமொன்று ஓகஸ்ட் விடுமுறைக்கு நாட்டுக்கு வரத் திட்டம் போட்டால், பட்டியல் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் அமைகிறது: நல்லூர்த் திருவிழா, நயினாதீவு, கோணேசர் கோயில், நிலாவெளி, கடைசியில் நுவரெலியாக் குளிர். இவற்றுக்கு நடுவே வவுனியாவிலிருந்து ஆனையிறவு வரை விரியும் நிலம், வாகனம் ஓடும் நேரமாக மட்டுமே கணக்கில் வருகிறது. கிளிநொச்சியில் ஒரு தேநீர், முறிகண்டிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய், கையில் ஒரு சரை கச்சான். அத்தோடு வன்னி முடிந்துவிடுகிறது.

வன்னிப் பெருநிலப்பரப்பு விடுமுறைக்குரிய இடந்தானா? ஆமெனில் அங்கே போகிறவர் எதைப் பார்ப்பது, எப்படிப் போவது, எங்கே தங்குவது? கேள்வி புதிதல்ல. ஆங்கிலேய அதிகாரிகள், அடியார்கள், போருக்குப் பின் தெற்கிலிருந்து வந்தவர்கள், அவர்களை ஆராய்ந்த அறிஞர்கள், புலம்பெயர்ந்த குடும்பங்கள், அண்மைக் காலத்தில் சைக்கிளில் சுற்ற விரும்பும் இளைஞர்கள் என ஒவ்வொரு தரப்பும் தன் தேவைக்கேற்ப ஒரு பதிலைத் தந்திருக்கிறது. அந்தப் பதில்களை ஒப்பிட இக்கட்டுரை பயன்படுத்தும் அளவுகோல் எளியது: பயணி இரவை எங்கே கழித்தார்? காசு எந்த ஊரில் தங்கியது, யாருடைய வாயிலிருந்து கதை கேட்கப்பட்டது என்ற இரண்டையும் பெரும்பாலும் அதுவே தீர்மானித்திருக்கிறது.

கடந்துபோகும் நிலம்

வன்னியைப் பற்றிய ஆங்கிலேய நிர்வாகத்தின் விரிவான பதிவு ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்களுக்கான கையேடு. குளங்கள், காய்ச்சல், காட்டு விலங்குகள், குடிகளின் நம்பிக்கைகள் எல்லாம் அதில் உண்டு. அக்காலத்து நிர்வாகப் பார்வையில் வன்னி குடிகுறைந்த, நோய் மிகுந்த காடு. வேட்டைக்காரருக்கும் வரி வசூலிப்போருக்கும் தவிர வேறெவருக்கும் அங்கே வேலையில்லை. 1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை முழுமையடைந்தபின் வன்னியைக் கடப்பது இன்னும் எளிதாயிற்று. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவியும் அதே வேலையைத்தான் செய்தது.

ஆனால் அதே ஆட்சி வாடிவீடுகளையும் விட்டுச்சென்றது. சுற்றுப்பயணம் போகும் அதிகாரி பொழுதுபட்டதும் தங்குவதற்கென எழுந்தவை அவை. ஆனையிறவில் பழைய ஒல்லாந்தக் கோட்டையே வாடிவீடாக இருந்தது. களப்பைப் பார்த்தபடி இரவைக் கழிக்க முடிந்த அந்த இடம் பின்னர் போரில் அழிந்தது. வன்னியில் நின்று போகலாம் என்ற எண்ணத்துக்கு அரசு தந்த முதல் கட்டடங்கள் இவை எனலாம்.

சுதந்திர இலங்கை இதைத் தொடரவில்லை. 1966இல் சுற்றுலாச் சபைச் சட்டம் வந்தது. அடுத்து 1967 தொடக்கம் 1976 வரைக்கான பத்தாண்டுத் திட்டம் கொழும்பு, தெற்குக் கரை, கிழக்குக் கரை, மலைநாடு, பண்டைய நகரங்கள் என ஐந்து வலயங்களை வகுத்தது. வன்னி எதிலும் இல்லை. போர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே வன்னி வரைபடத்திலிருந்து விடுபட்டுவிட்டது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லாக் குறையையும் போரின்மேல் போடுவது வழக்கமாகிவிட்டது. இந்தக் குறை அதைவிட மூத்தது.

நேர்த்திக்காக நடந்தவர்கள்

அதிகாரிகள் காடென்று கண்ட அதே நிலத்துக்கு மக்கள் குடும்பத்தோடு வந்துகொண்டுதான் இருந்தார்கள். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலுக்கு வடக்குக் கிழக்கெங்குமிருந்து சனம் சேரும். சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுத்து, முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில் வைத்து, உப்புநீரில் விளக்கேற்றும் வழக்கம் இன்றும் நடக்கிறது. புளியம்பொக்கணை நாகதம்பிரான், புதூர் நாகதம்பிரான், ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் என ஊருக்கொரு பொங்கலும் திருவிழாவும் உண்டு. மடு மாதா கோயில் இன்று மன்னார் மாவட்டத்தில் இருந்தாலும் வன்னிக் காட்டின் யாத்திரைத் தலம். ஓகஸ்ட் 15 பெருவிழாவுக்கு முன்பே குடும்பங்கள் காட்டில் கூடாரமடித்துச் சமைத்து உண்டு தங்குகின்றன. விடுமுறை என்ற பெயர் இல்லாவிட்டாலும், பிள்ளைகள் மரத்தடியில் விளையாட, பெரியவர்கள் உறவு புதுப்பிக்க, பல நாள் ஓரிடத்தில் தங்கும் பயணம் இது.

இவற்றுள் மிக நீண்டது கதிர்காமப் பாதயாத்திரை. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படும் அடியார்கள் வன்னி வழியே முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு எனக் கிழக்குக் கரையோரமாக ஒன்றரை மாதமளவில் நடக்கிறார்கள். கோயில் மடத்திலும் பாடசாலைத் திண்ணையிலும் படுக்கிறார்கள். ஊரவர் சோறு போடுகிறார்கள். போர்க்காலத்தில் வடக்கிலிருந்து நடக்க முடியாமற்போன இந்த யாத்திரை பின்னர் மீண்டது. இன்று மெதுவான பயணம் என்று புதிதுபோலப் பேசப்படுவதன் வேலைசெய்யும் வடிவம் வன்னியில் ஏற்கெனவே இருந்திருக்கிறது. நாளுக்கு எவ்வளவு தூரம், எந்த ஊரில் தண்ணீர், எந்தக் கோயிலில் இடம் என்பதெல்லாம் நடந்தவர்களின் நினைவில் இருக்கிறது. சுற்றுலாத் திட்டம் வரைகிறவர்கள் அவர்களைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

இந்தப் பதிலின் பலவீனமும் தெளிவானது. யாத்திரை நாள்காட்டிக்குக் கட்டுப்பட்டது. பொங்கலன்று நிரம்பி வழியும் வற்றாப்பளை மற்ற நாட்களில் அமைதியாகிவிடும். ஆண்டு முழுதும் ஓர் ஊருக்கு வருமானம் தர அது போதாது. இன்னொன்று, வழிபாட்டு இடங்கள் இப்போது உரிமைப் பூசலின் நடுவே நிற்கின்றன. குருந்தூர்மலையிலும் வெடுக்குநாறிமலையிலும் தொல்லியல் திணைக்களத்துக்கும் தமிழ் வழிபாட்டாளருக்கும் இடையிலான பிணக்கு நீதிமன்றம் வரை போயிற்று. 2024 மார்ச்சில் வெடுக்குநாறிமலைச் சிவராத்திரி வழிபாட்டின்போது அடியார்கள் கைதுசெய்யப்பட்டார்கள். இந்த மலைகளைச் சுற்றுலா இடமாக மட்டும் அறிமுகப்படுத்தும் எந்தக் கையேடும் பாதி உண்மையைத்தான் சொல்லும்.

போர் முடிந்தபின் வந்த கூட்டம்

2002 போர்நிறுத்தத்தோடு, வன்னியை ஊடறுத்துச் செல்லும் ஏ9 வீதி திறந்தபோது ஓமந்தையிலும் முகமாலையிலும் சோதனைச் சாவடிகளைத் தாண்டி முதல் அலை வந்தது. 2006 ஓகஸ்டில் வீதி மீண்டும் மூடப்பட்டது. 2009 மே மாதத்தில் போர் முடிந்து, அடுத்த ஆண்டளவில் பொதுமக்கள் போக்குவரத்துக்கு வழி திறந்ததும் தெற்கிலிருந்து பேருந்து பேருந்தாகக் குடும்பங்கள் வந்தன. கிளிநொச்சியில் விழுந்துகிடந்த நீர்த்தாங்கி, ஆனையிறவில் 1991 சமரில் இறந்த படைவீரருக்கான நினைவிடம், புதுக்குடியிருப்பு வெற்றிச் சின்னம், காட்டுக்குள் இருந்த விடுதலைப் புலிகளின் தலைவரது நிலக்கீழ் வீடு: இவை பார்வையிடங்களாயின. நீர்த்தாங்கியருகே நினைவுப்பொருட் கடையும் இருந்தது. நிலக்கீழ் வீட்டை 2013 ஒக்டோபரில் படையினரே தகர்த்தார்கள். நந்திக்கடலோரத்தில் இராணுவம் நடத்திய விடுதியும் இந்தக் காலத்தில் வந்தது.

ஆய்வுலகம் அதிகம் எழுதியதும் இதைப் பற்றித்தான். லெனனும் ஃபோலியும் 1990களில் முன்வைத்த ‘இருண்ட சுற்றுலா’ என்ற கருத்து, மரணமும் அழிவும் நிகழ்ந்த இடங்களுக்கு மக்கள் ஏன் போகிறார்கள் என்று கேட்டது. ஜெனிபர் ஹைண்ட்மனும் அமர்நாத் அமரசிங்கமும் 2014இல் எழுதிய கட்டுரை, வடக்கின் போர்ச் சின்னங்கள் வென்றவரின் நினைவை மட்டும் நிலத்தில் எழுதுகின்றன என்று வாதிட்டது. சசங்க பெரேரா 2016இல் வெளியிட்ட நூல் தெற்கிலிருந்து வந்த பயணிகளையே அருகிருந்து பார்த்தது. அவர்களைப் பொறுத்தவரை இது யாத்திரை, குடும்ப உலா, போரின் முடிவைக் கண்ணால் காணும் ஆவல் ஆகிய மூன்றும் கலந்த பயணமாக இருந்தது.

இந்த ஆய்வுகள் தேவையானவை. அவற்றின் முக்கிய முடிவை மறுக்க இடமில்லை. புலிப் போராளிகளின் கல்லறைகளான மாவீரர் துயிலுமில்லங்கள் இடிக்கப்பட்ட நிலத்தில், வெற்றிச் சின்னம் மட்டும் பராமரிக்கப்பட்ட பூங்காவோடு நின்றால், அதைப் பார்க்க வரும் குழந்தை என்ன கற்றுக்கொள்ளும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. ஆயினும் இரண்டு குறைகள் தென்படுகின்றன. இறங்கிப் படமெடுத்த சின்னங்களில் குவிந்த கவனம், வீதியோரத்தில் பாலைப்பழமும் தயிரும் விற்ற பெண்களிடம் போதிய அளவு திரும்பவில்லை. ஒரே பேருந்தில் வந்த எல்லோரும் ஒரே மனதோடு வந்தார்கள் என்று கொள்ளவும் முடியாது. கூட்டத்தில் பெரும்பகுதி வன்னியில் தங்காமல் யாழ்ப்பாணத்துக்கும் நயினாதீவுக்கும் போய்விட்டது என்பதே, நம் அளவுகோலின்படி, கவனிக்க வேண்டிய செய்தி. வந்தது ஆயிரக்கணக்கில், இரவு தங்கியது மிகச் சொற்பம்.

தங்கிய இடமும், குறிப்பாக அந்த இராணுவ விடுதி, கேள்விக்குரியதாக இருந்தது. நந்திக்கடலுக்கு அருகிலுள்ள கேப்பாப்புலவில் மக்கள் தங்கள் காணிகளைப் படையினரிடமிருந்து மீட்கத் தெருவில் இருந்து போராடினார்கள். 2017 மார்ச்சில் பிலக்குடியிருப்புப் பகுதி விடுவிக்கப்பட்டது. சொந்த வளவுக்குள் போக முடியாத மக்களின் அயலில் விடுமுறை விடுதி நடத்துவதை எந்த வாதத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

இத்தாலியிலிருந்து ஓர் ஒப்பீடு இங்கே உதவலாம். பொலோஞா நகருக்குத் தெற்கேயுள்ள மொந்தே சோலே மலையில், மார்சபொத்தோ படுகொலை என்று அறியப்படும் சம்பவத்தில், 1944 இலையுதிர் காலத்தில் ஜேர்மன் படைகள் எழுநூறுக்கும் மேற்பட்ட பொதுமக்களைக் கொன்றன. அந்த மலை 1989இல் வரலாற்றுப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. குடும்பங்கள் அங்கே நடக்கப் போகின்றன. இடிந்த தேவாலயத்தின் முன் நின்று, கொல்லப்பட்டவர்களை அறிகின்றன. விடுமுறையும் துக்கமும் ஒரே மலையில் இருக்க முடிந்திருக்கிறது. அதற்கு முன்நிபந்தனையாக இருந்தது, இறந்தவர்களின் நினைவை அரசு ஏற்றுக்கொண்டமை. போரின் இறுதிக் களமான முள்ளிவாய்க்காலில் ஒவ்வொரு மே 18ஆம் நாளும் மக்கள் தாமாகவே கூடிச் சுடரேற்றுகிறார்கள். கஞ்சி காய்ச்சிப் பகிர்கிறார்கள். அரச அங்கீகாரம் இல்லாத இந்த நினைவிடத்தைப் பயணப்பட்டியலில் சேர்ப்பதா வேண்டாமா என்பதை வெளியாட்கள் தீர்மானிக்கக் கூடாது என்றே தோன்றுகிறது. போகிறவர் படக்கருவியை உள்ளே வைத்துவிட்டு, ஊரவர் ஒருவரோடு போகட்டும்.

புலம்பெயர்ந்தவரின் விடுமுறை

2014 ஒக்டோபரில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் வடக்குக்குப் போகப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி பெற வேண்டுமென்ற விதி மீண்டும் வந்தது. 2015 ஜனவரியில் நீங்கியது. அதே காலத்தில் புகையிரதம் படிப்படியாகத் திரும்பியது: 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி, 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம். அதன்பின் வன்னி மண்ணிற் பிறந்து வெளிநாட்டில் வாழ்பவர்கள் பிள்ளைகளோடு வருவது கூடியிருக்கிறது.

இவர்கள் உண்மையில் வன்னியில் இரவு தங்குகிறவர்கள். சித்தி வீட்டிலோ, தாமே கட்டிக்கொடுத்த வீட்டிலோ படுக்கிறார்கள். ஆனால் பகலில் கோயில், கலியாணம், காணிப் பத்திரம் என்று நாட்கள் போய்விடுகின்றன. பலெர்மோவில் வளர்ந்த ஒரு தமிழ்ப்பிள்ளையை எண்ணிப் பாருங்கள். அங்கே தமிழர்கள் சாந்தா ரொசாலியா என்னும் புனிதையை வணங்கப் பெல்லெக்ரீனோ மலை ஏறுவது வழக்கம். மலையேறிய அந்தப் பிள்ளை விசுவமடுவில் மூன்று வாரம் முற்றத்தைத் தாண்டாமல் இருந்துவிட்டுத் திரும்பக்கூடும். இது பெற்றோரின் குற்றமல்ல. எங்கே கூட்டிப்போவது என்று காட்ட ஒரு வழிகாட்டியோ, பிள்ளைகளோடு குளக்கட்டில் நடக்கப் பழகிய ஊர்வழக்கமோ போதியளவு உருவாகவில்லை.

சைக்கிள் என்ற பதில்

அண்மைக் காலத்தில் பேசப்படும் பதில் சைக்கிள். வன்னி ஏறக்குறைய தட்டையான நிலம்; ஏற்றம் என்று சொல்லக்கூடியது பெரும்பாலும் குளக்கட்டுத்தான். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், உடையார்கட்டு, கல்மடு எனக் குளத்திலிருந்து குளத்துக்கு வாய்க்கால் வழியும் கிரவல் வழியும் போகலாம்.

வன்னியில் சைக்கிளுக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1990களின் பொருளாதாரத் தடையில் எரிபொருளும் மின்கலமும் வராதபோது நெல், விறகு, நோயாளி எல்லாம் சைக்கிளிற்றான் ஏறின. டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். 2022 எரிபொருள் நெருக்கடியில் நாடு முழுதும் சைக்கிளைத் தேடியபோது இந்த மண்ணுக்கு அது பழக்கமான துணை. ஆகவே பயணிக்குச் சைக்கிள் திருத்துபவரும் ‘காற்றடிக்க’ ஒரு கொட்டிலும் சந்திக்குச் சந்தி உண்டு. இது சிறிய விடயமல்ல. திட்டமிடுகிறவருக்கு இதைவிடப் பெரிய வசதி இல்லை.

இத்தாலியில் இரண்டு முயற்சிகள் இதற்கு நேரடியாகப் பயன்படும் பாடங்கள். 1997இல் டஸ்கனியில் தொடங்கிய ‘எரோய்கா’ என்னும் பழைய சைக்கிள் ஓட்டம், தார் போடாத வெண்மண் வீதிகளைக் காப்பாற்றும் நோக்கத்தோடு பிறந்தது. அங்கே மண்பாதைகள் பெருமையாகின. வன்னியிலோ கிரவல் பாதை என்றால் கைவிடப்பட்ட ஊர் என்று பொருள். ஊரவருக்குக் காபட் வீதி வேண்டும், அது அவர்களின் உரிமை. நோயாளி கொண்டுபோகும் வீதியைப் பயணிக்காகப் புழுதியாக வைத்திருக்கச் சொல்ல யாருக்கும் தகுதியில்லை. குளக்கட்டையும் வாய்க்காற் கரையையும் மட்டும் அப்படியே பேணலாம்.

மற்றது 1985ஆம் ஆண்டின் பண்ணைத் தங்கல் சட்டம். விவசாயி தன் வீட்டில் விருந்தினரை வைத்துச் சோறு போட்டு வருமானம் பெறலாம். ஆனால் விவசாயமே முதன்மைத் தொழிலாக இருக்க வேண்டும் என்று அது விதித்தது. இரணைமடுவின் கீழ்க் காலபோகமும் சிறுபோகமும் செய்யும் குடும்பத்துக்கு இந்த விதி அப்படியே பொருந்தும். சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை வீட்டுத் தங்கலைப் பதிவுசெய்கிறது; வயலோடு அதைக் கட்டிவைக்கும் விதி நம்மிடம் இல்லை. அந்த விதி இல்லாமற் போனால் காணி விற்று விடுதி கட்டும் போக்குத்தான் வளரும் என்ற அச்சம் நியாயமானது.

திட்டமிடுவோருக்குச் சில நடைமுறைகள். வடகீழ்ப் பருவமழை ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வலுவாக இருக்கும். குளங்கள் வான் பாயும் அந்தக் காட்சியைக் காண ஊரே திரளும், ஆனால் சைக்கிளுக்கு உகந்த காலமல்ல. ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை வயல் விளைந்திருக்கும், வெயிலும் தாங்கும். சுண்டிக்குளத்திலும் கொக்கிளாயிலும் வலசைப் பறவைகள் தங்கியிருக்கும் பருவமும் அதுவே. கொக்கிளாய் 1951இல் சரணாலயமாகவும், சுண்டிக்குளம் 2015இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டவை. ஐரோப்பியப் பாடசாலை விடுமுறையோ ஜூலை, ஓகஸ்டில் வருகிறது; அப்போது குளம் வற்றி, சோளகக் காற்று அடித்துக்கொண்டிருக்கும். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியே முல்லைத்தீவுக்கு ஏறத்தாழ 50 கிலோமீற்றர். காற்று முதுகில் இருக்கும். பிள்ளைகளோடு போவோர் அதை ஒட்டுசுட்டானிலோ முள்ளியவளையிலோ இரவு தங்கி இரண்டு நாளாக்குவது நல்லது. வழியில் கற்சிலைமடுவில், ஆங்கிலேயரை எதிர்த்த வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியனின் 1803ஆம் ஆண்டுத் தோல்வியைக் குறித்து நடப்பட்ட கல்லின் வரலாற்றைச் சொல்லிக்கொடுக்கலாம். ஏ9 வீதியில் நெடுந்தூரப் பேருந்துகள் ஓடும் வேகத்துக்கு நடுவே குடும்பத்தோடு சைக்கிள் ஓடக்கூடாது. காட்டுவழியில் விடியலிலும் அந்தியிலும் யானை நடமாடும். பச்சிலைப்பள்ளியில், குறிப்பாக முகமாலைப் பக்கம், கண்ணிவெடி அபாயப் பலகை இருக்கும் இடத்தில் பாதையை விட்டு ஓரடியும் விலக வேண்டாம். ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017இல் சேர்ந்தது, வெடி அகற்ற அதற்குள்ள காலக்கெடு 2028 ஜூன்.

தீராதவை

கடந்துபோகும் பதில் வசதியானது, வன்னிக்கு எதையும் தரவில்லை. யாத்திரை மிக ஆழமாக வேரோடியது, பருவத்துக்குள் அடங்கியது. போர்ச்சின்னப் பயணம் கூட்டத்தைக் கொண்டுவந்தது, நீதியைக் கொண்டுவரவில்லை. சைக்கிளும் பண்ணைத் தங்கலும் நம்பிக்கை தருகின்றன. ஆனால் இன்னும் பரவலாகச் சோதிக்கப்படாதவை.

முடிவுசெய்யப்படாத கேள்விகளில் முதன்மையானது காணி. வனவளத் திணைக்களமும் வனஜீவராசிகள் திணைக்களமும் எல்லைக்கல் நட்ட இடங்களில் தங்கள் பழைய வயலும் மேய்ச்சல் நிலமும் அடங்குவதாக மக்கள் முறையிடுகிறார்கள். சுண்டிக்குளம் போன்ற பூங்காக்களின் வருமானம் அயலூருக்கு எப்படிச் சேரும் என்பதற்கு உறுதியான ஏற்பாடு வேண்டும். இரண்டாவது, பெண்கள். வீட்டுத் தங்கலின் உழைப்பு பெரும்பாலும் பெண்களுடையது. போரில் துணையை இழந்த பெண்கள் தலைமை தாங்கும் வீடுகள் வன்னியில் ஏராளம். அவர்களுக்கு இது கூடுதல் வருமானமாகுமா, கூடுதல் சுமையாகுமா, அந்நியர் வந்து தங்குவதை அயல் எப்படிப் பார்க்கும் என்பதை அவர்களிடமே கேட்டு அறிய வேண்டும். மூன்றாவது, தண்ணீர். சிறுநீரக நோய் பரவிய வவுனியாவின் கிராமங்களில் குடிநீரே பிரச்சினையாக இருக்கும்போது விருந்தினரின் தேவை எங்கிருந்து வரும்?

இவை தீரும்வரை காத்திருக்க வேண்டுமென்று இந்தக் கட்டுரை சொல்லவில்லை. அடுத்த விடுமுறைக்குப் பட்டியல் எழுதும் குடும்பங்கள் அதில் வன்னிக்கென்று இரண்டு இரவுகளையாவது ஒதுக்க வேண்டும்; படையினரின் விடுதியைத் தவிர்த்து, ஊரவர் ஒருவரின் வீட்டைக் கேட்டுத் தங்க வேண்டும்; அந்த இரவுக்குரிய காசை அவர்கள் கையில் கொடுக்க வேண்டும்.